அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா? மரபியல் வகுப்பில் எழும் ஒரு கேள்வி

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'நரம்பு மண்டலம்' பாடத்தையும் 'மரபியல்' பாடத்தையும் சில வார இடைவெளியில் நடத்துகிறோம். முதல் பாடத்தில் மூளையையும் நியூரானையும் பார்க்கிறோம். அடுத்ததில் மெண்டலின் பட்டாணிச் செடியையும் புன்னட் கட்டத்தையும் பார்க்கிறோம். இந்த இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடத்தில் பாடநூலில் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. மனநோய் பரம்பரையாக வருமா? பெரும்பாலான மாணவர்கள் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்கும் மாணவருக்கு அது தேர்வுக்கான கேள்வி அல்ல, வீட்டுக் கேள்வி. அதற்குச் சரியான விடை தர ஆசிரியருக்குத் தேவையான அறிவியலையும், வகுப்பில் செய்து பார்த்த ஒரு செயல்பாட்டையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கேள்வி பிறக்கும் இடம்

திருவொற்றியூரில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மாணவர்களின் பெற்றோர் துறைமுகத்திலும், கன்டெய்னர் லாரிகளிலும், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளிலும், கடலிலும் உழைப்பவர்கள். மரபியல் பாடம் முடிந்த ஒரு நாள், வகுப்பு கலைந்த பிறகு ஒரு மாணவி நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அதில் ஒரு புன்னட் கட்டம் வரைந்திருந்தாள். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா. நான்கு கட்டங்களில் இரண்டைப் பென்சிலால் கறுப்பாக்கியிருந்தாள்.

"மிஸ், எங்கம்மா மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறாங்க. எனக்கு வர ஐம்பது பர்சன்ட் சான்ஸா மிஸ்?"

"இந்தக் கட்டம் இதுக்குப் பொருந்தாதும்மா. ஐம்பது இல்ல, அதைவிட ரொம்பக் குறைவு. ஏன்னு நாளைக்கு கிளாஸ்ல எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன். உன் பேரு வராது" என்றேன்.

அவள் கணக்கில் பிழை இல்லை. ஒரே ஒரு மரபணுவால் தீர்மானிக்கப்படும் பண்புகளை மட்டுமே நாம் எடுத்துக்காட்டுகிறோம். நெட்டை, குட்டை, உருண்டை, சுருக்கம். எல்லாப் பண்பும் இப்படித்தான் வரும் என்று மாணவர் எடுத்துக்கொள்வது இயல்பே. தெருவில் பேசப்படும் 'அந்த ரத்தம்தானே ஓடுது' என்ற சொல்லும், வகுப்பில் படித்த கட்டமும் சேர்ந்தால், பதினைந்து வயதுப் பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது.

மனச்சிதைவு நோய் என்பது என்ன?

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, மூளையின் செயல்பாட்டைப் பாதிக்கும் நோய். இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகங்கள் உறுதியான நம்பிக்கையாக மாறுவது, சிந்தனை தொடர்பற்றுப் போவது, ஆர்வமும் உணர்ச்சி வெளிப்பாடும் குறைவது ஆகியவை இதன் அறிகுறிகள். வாழ்நாளில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வரக்கூடும். பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். 'அந்நியன்' படத்தில் வருவதுபோல ஒருவருக்குள் பல ஆளுமைகள் இருப்பது வேறு நோய். மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூளையின் வளர்ச்சிக் காரணிகள்

நியூரான்கள் தாமாக வளர்ந்து தாமாக இணைந்துவிடுவதில்லை. அவை உயிர்வாழவும், கிளைவிடவும், மற்ற நியூரான்களோடு இணையவும் சில புரதங்கள் தேவை. இவையே நரம்பு வளர்ச்சிக் காரணிகள். இத்தாலியைச் சேர்ந்த ரீட்டா லெவி மோன்டால்சினி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், யூதர் என்பதால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்ட நிலையில், தன் படுக்கையறையிலேயே ஆய்வகம் அமைத்துக் கோழிக்கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனுடன் இணைந்து முதல் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. வசதியான ஆய்வகம் இல்லாத பள்ளி மாணவர்களுக்கு இந்த வரலாறு அவசியம் சொல்லப்பட வேண்டியது.

1982இல் ஈவ் அலைன் பார்டேயும் ஹான்ஸ் தோனனும் பன்றி மூளையிலிருந்து இன்னொரு வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார்கள். இதன் சுருக்கப் பெயர் பி.டி.என்.எஃப். நாம் ஒன்றைக் கற்கும்போது நியூரான்களுக்கிடையே உள்ள இணைப்புகள் வலுப்பெற உதவும் முக்கியமான புரதங்களில் இதுவும் ஒன்று.

ஓர் எழுத்து மாறினால்

பி.டி.என்.எஃப். புரதத்துக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் ஓரிடத்தில் சிலருக்கு 'ஜி' என்ற காரமும், சிலருக்கு 'ஏ' என்ற காரமும் இருக்கும். அதாவது ஜி.டி.ஜி. என்ற மூவெழுத்துக் குறியீடு ஏ.டி.ஜி. என்று மாறுகிறது. இதனால் புரதத்தின் முன்வடிவில் 66ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக மெத்தியோனின் அமைகிறது. மெத்தியோனின் வடிவம் உடையவர்களின் நியூரான்களில், தூண்டலின்போது வெளிவிடப்படும் பி.டி.என்.எஃப். அளவு குறைகிறது என்று 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினால் புரதத்தின் நடத்தை எப்படி மாறும் என்று விளக்க இது மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

மூளையின் இணைப்புகளுக்கு இப்புரதம் தேவை. மனச்சிதைவு நோயில் இணைப்புகள் பாதிக்கப்படுகின்றன. அப்படியானால் இந்த மாறுபாடுதான் நோய்க்குக் காரணமா? அறிவியலாளர்களும் இப்படித்தான் ஊகித்தார்கள். 2002இல் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வொன்று 8ஆம் குரோமோசோமில் உள்ள நியூரெகுலின் 1 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியின் மரபணுவைச் சுட்டியது. அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய 'சந்தேக மரபணுக்கள்' மீது நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்தன. ஓர் ஆய்வு ஆம் என்றது, அடுத்தது இல்லை என்றது.

நியாயமான ஊகமும் பெரிய கணக்கும்

முடிவுகள் மாறி மாறி வந்ததற்கு முதன்மைக் காரணம், ஒவ்வோர் ஆய்விலும் சில நூறு பேர் மட்டுமே இருந்ததுதான். பிறகு அணுகுமுறை மாறியது. குறிப்பிட்ட மரபணுவைச் சந்தேகித்துத் தேடாமல், டி.என்.ஏ. முழுவதிலும் உள்ள இலட்சக்கணக்கான மாறுபாடுகளை நோயாளர்களிடமும் மற்றவர்களிடமும் ஒப்பிட்டார்கள். 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 76,755 நோயாளர்களும், நோயற்றவர்கள் 2,43,649 பேரும் இடம்பெற்றனர். நோயோடு தொடர்புடைய 287 மரபணுப் பகுதிகள் அதில் வெளிப்பட்டன.

பழைய சந்தேகப் பட்டியலின் கதி என்ன? பி.டி.என்.எஃப்., நியூரெகுலின் உள்ளிட்ட, அதிகம் ஆராயப்பட்ட 25 மரபணுக்களை 2017இல் ஓர் ஆய்வு இப்பெரிய தரவுகளோடு ஒப்பிட்டது. குருட்டாம்போக்கில் எடுத்த மரபணுக்களைவிட இவை ஒரு குழுவாக நோயோடு அதிகத் தொடர்பு காட்டவில்லை. மெத்தியோனின் வடிவம் ஐரோப்பியரின் மரபணுப் பிரதிகளில் ஏறத்தாழ 20 விழுக்காடும், கிழக்காசியரிடம் 40 விழுக்காட்டுக்கு மேலும் காணப்படுகிறது. ஆனால் நோய் அங்கே இருமடங்காக இல்லை.

பி.டி.என்.எஃப். மூளைக்கு முக்கியமில்லை என்பது இதன் பொருளல்ல. மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாத மரபணுவாக இருந்தாலும், அதன் ஒரு மாறுபாடு தனியாக நின்று நோயை உண்டாக்குவதில்லை. கண்டறியப்பட்ட பொதுவான மாறுபாடுகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூட்டுகின்றன. 1,000 பேரில் 10 பேருக்கு வரக்கூடியது 11 பேருக்கு வரலாம், அவ்வளவே. ஓரளவு பெரிய விளைவுள்ள அரிய மாற்றங்களும் உண்டு. 22ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. அவர்களிலும் மூவருக்கு வருவதில்லை.

பதின்பருவம் ஏன் முக்கியம் என்பதற்கும் ஒரு தடயம் கிடைத்தது. வளரும் மூளை தேவைக்கு மிகுதியான இணைப்புகளை உண்டாக்கிவிட்டு, பதின்பருவத்தில் பயன்படாதவற்றைக் களைகிறது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ள சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் நோய் ஆபத்தைக் கூட்டுவதைக் காட்டினார்கள். நோய் எதிர்ப்புப் பணி செய்யும் இந்தப் புரதமே எலிகளின் மூளையில் இணைப்புகளைக் களைவதிலும் பங்கேற்கிறது.

சென்னையில் நடந்த ஆய்வு

இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தக் குறையை நிரப்பிய ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையிலிருந்து வந்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் எம். சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 'ஸ்கார்ஃப்' என்றால் பலருக்கும் தெரியும். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர்.

ஸ்கார்ஃப் ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. 3,092 பேர் பங்கேற்றனர்; அவர்களில் 1,321 பேர் நோயாளர்கள். 8ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி நோயோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. அங்குள்ள என்.ஏ.பி.ஆர்.டி.1 என்ற மரபணு, நியாசின் என்னும் வைட்டமின் பி3-ஐ உடல் பயன்படுத்த உதவும் நொதியை உருவாக்குகிறது. வைட்டமின் குறைபாட்டு நோய்கள் பாடத்தில் நாம் நடத்தும் பெல்லாக்ரா நினைவுக்கு வரும். நியாசின் குறைபாட்டால் வரும் அந்நோயிலும் மனக்குழப்பம் ஓர் அறிகுறியே. நியாசின் மாத்திரை சாப்பிட்டால் மனச்சிதைவு நோய் வராது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது என்பதையும் வகுப்பில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு: பத்து அட்டைகள்

பல மரபணுக்கள் சேர்ந்து செயல்படுவதைப் புன்னட் கட்டத்தால் காட்ட முடியாது. அதற்குப் பழைய நோட்டு அட்டைகள் போதும்.

தேவையானவை: ஒரே அளவில் வெட்டிய அட்டைத் துண்டுகள், ஒரு குழுவுக்குப் பத்து. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு மையால் குறியிடவும். 40 மாணவர்களை 8 குழுக்களாகப் பிரிக்கவும்.

முதல் சுற்று: ஒவ்வொரு குழுவும் பத்து அட்டைகளையும் குலுக்கி வீசி, சிவப்புப் பக்கம் மேலே விழுந்தவற்றை எண்ண வேண்டும். குழுவுக்கு 25 முறை. கரும்பலகையில் 0 முதல் 10 வரை எழுதி, கிடைத்த எண்ணுக்கு மேலே ஒவ்வொரு கோடாகப் போட்டு வந்தால், 200 வீச்சுகள் முடிந்ததும் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் வரைபடம் தானாக உருவாகும். 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் 'எல்லையைத் தாண்டியது' என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 1,024 வீச்சுகளில் 11 முறை, அதாவது 100க்கு ஏறத்தாழ 1 முறை இது நடக்கும். வகுப்பின் 200 வீச்சுகளில் இரண்டு முறை வரலாம்.

இரண்டாம் சுற்று: எல்லாக் குழுக்களும் நான்கு அட்டைகளைச் சிவப்பு மேலாக முன்பே வைத்துவிட்டு, மீதி ஆறை மட்டும் வீச வேண்டும். இது நெருங்கிய உறவில் நோய் உள்ள குடும்பத்தைக் குறிக்கும். இப்போது எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 64க்கு 7, அதாவது 100க்கு ஏறத்தாழ 11. முதல் சுற்றைவிடப் பத்து மடங்கு கூடிவிட்டது. ஆனாலும் 100க்கு 89 முறை எல்லையைத் தாண்டவில்லை.

மூன்றாம் சுற்று: எல்லையை 9இலிருந்து 8ஆகக் குறைத்து, முதல் சுற்றின் வரைபடத்தையே மீண்டும் பார்க்கச் சொல்லவும். தாண்டும் வாய்ப்பு 100க்கு ஐந்தரை ஆகிறது. அட்டைகள் மாறவில்லை, சூழல் மாறியது.

உண்மையில் அட்டைகள் பத்து அல்ல, பல ஆயிரம். பி.டி.என்.எஃப். மாறுபாட்டுக்கு அதில் இடம் இருந்தால்கூட அது ஒரே ஓர் அட்டைதான். ஆனால் முதல் இரண்டு சுற்றுகளில் கிடைத்த எண்கள் நடைமுறைக்கு நெருங்கியவை. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் இந்நோய், தாய் அல்லது தந்தைக்கு இருந்தால் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு வரலாம். எந்த மாணவரையும் தனியே அழைத்து இரண்டாம் சுற்றைச் செய்யச் சொல்லக் கூடாது. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று வகுப்பில் கேட்கவும் கூடாது.

ஒரு சொல், ஒரு குழப்பம்

மனச்சிதைவு நோயில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்று நாளிதழ்களில் படித்திருப்போம். இதைப் பிள்ளைக்கு வர 80 விழுக்காடு வாய்ப்பு என்று படிப்பது தவறு. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணப்படும் ஆபத்து வேறுபாட்டில் எவ்வளவு பகுதி மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. 2018இல் வெளியான டென்மார்க் இரட்டையர் ஆய்வு இரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது. அங்கே மரபின் பங்கு 79 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. ஆனால் ஒரே டி.என்.ஏ. உடைய இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது 33 விழுக்காடுதான். இதனால்தான் எந்த மரபணுப் பரிசோதனையாலும் ஒருவருக்கு இந்நோய் வரும் அல்லது வராது என்று சொல்ல முடியாது. மறுபுறம், நோயாளர்களில் பெரும்பாலோரின் நெருங்கிய உறவில் இந்நோய் உள்ள எவரும் இருப்பதில்லை. 'எங்கள் குடும்பத்தில் கிடையாது' என்பதும் காப்பு அல்ல.

எல்லையை நகர்த்துபவை

மூன்றாம் சுற்றில் பார்த்த சூழல் என்பது என்ன? நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போதும், சீனாவில் 1959-61 பஞ்சத்தின்போதும் கருவில் இருந்தவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ இருமடங்கானது. தாய் கருவுற்றிருக்கும் காலத்து ஊட்டமும் பேறுகால மருத்துவமும் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையவை என்பதற்கு இது வலுவான சான்று. பேறுகாலச் சிக்கல்களும் சிறுவயது வன்கொடுமையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

நம் பகுதி மேல்நிலை வகுப்புகளுக்கு மிக நேரடியான செய்தி கஞ்சா. பதின்பருவத்தில் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது, அதுவும் வீரியம் மிக்கதை, மனச்சிதைவு உள்ளிட்ட தீவிர மனநோய்களின் ஆபத்தைக் கூட்டுகிறது. குடும்பத்தில் நோய் உள்ள பிள்ளைகள் கட்டாயம் தவிர்க்க வேண்டியது இது. மரபணுவை மாற்ற முடியாது, இதைத் தவிர்க்க முடியும் என்று சொல்லும்போது மாணவர்கள் கவனித்துக் கேட்கிறார்கள்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

1. சொற்களைத் திருத்துதல். 'லூசு', 'மெண்டல்', 'கீழ்ப்பாக்கம் கேஸ்' ஆகியவை நம் வகுப்பறைகளில் சாதாரணமாகப் புழங்கும் கேலிச் சொற்கள். 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் பெயர் வசவாகிவிட்டதால், அங்கே போக வேண்டியவர்களும் போகத் தயங்குகிறார்கள். வீட்டில் நோயாளர் உள்ள பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டபடி நம் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

2. மாற்றங்களைக் கவனித்தல். நன்றாகப் படித்த மாணவர் சில மாதங்களில் பின்தங்குவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, தூக்கமின்மை, காரணமற்ற பயமும் சந்தேகமும், தனக்குத்தானே பேசுவது ஆகியவை தொடர்ந்தால் கவனம் தேவை. பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை அல்ல; மருத்துவரிடம் போகச் சொல்வதே நம் வேலை.

3. மருத்துவத்துக்கு வழிகாட்டுதல். காற்று கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போகும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் நம்பிக்கையோடு சண்டையிட வேண்டாம்; 'கூடவே டாக்டரையும் பாருங்க' என்று சொன்னால் போதும். மருந்தில்லாமல் கழியும் காலம் நீள நீள, நோயிலிருந்து மீள்வது கடினமாகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. இராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர் பகுதியினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அருகிலேயே உள்ளது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

4. நம்பிக்கையை ஆதாரத்தோடு சொல்லுதல். 1980களின் தொடக்கத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு முதன்முறையாக இந்நோயோடு வந்த 90 பேரை டாக்டர் ஆர். தாராவும் உடன் ஆய்வாளர்களும் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பலர் அறிகுறிகள் தணிந்து, வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். வந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நம் ஊர்ச் சான்று இது.

5. தனியே கேட்கும் மாணவருக்கு எண்ணோடு விடை தருதல். 'அதெல்லாம் வராது, போய்ப் படி' என்று சொன்னால் பிள்ளை நம்பாது. அடுத்த முறை கேட்கவும் கேட்காது. 'நூற்றில் பத்து. தொண்ணூறு பேருக்கு வராது. கஞ்சா பக்கம் போகாதே, நன்றாகத் தூங்கு, மனசு சரியில்லை என்றால் என்னிடம் வா' என்பது உண்மையும் ஆகும், ஆறுதலும் ஆகும்.

மெண்டலின் விதிகளை நடத்தி முடித்த மறுநாள் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கினால் பத்து அட்டைச் செயல்பாட்டைச் செய்துவிடலாம். உயரம், நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து தீர்மானிக்கும் எல்லாவற்றுக்கும் அதே அட்டைகள் உதவும். கணக்கு ஆசிரியரும் உடன் வந்தால் நிகழ்தகவுப் பாடமும் அதிலேயே முடியும்.